ஏழு சுடர், நான்கு பிள்ளைகள்

இக்குறிப்பில் சரிபார்த்தவற்றை மட்டுமே தருவதென்று தீர்மானித்திருக்கிறேன். நினைவை மட்டும் நம்பி எழுதினால் இது இன்னும் அழகாக அமையும். அந்த அழகு எனக்கு வேண்டாம். என் கையில் இருப்பவை சில: வெள்ளிக்கிழமைகளில் நான் அரைநாள் வராமல் போனதைக் குறித்திருக்கும் ஆறாம் வகுப்பு முன்னேற்ற அறிக்கை; அம்மா தம் கையால் குறிப்பெழுதிய சுவர் நாட்காட்டி; மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண்மணி எனக்குச் சொல்லி, நான் எழுதியதை வாசிக்கக் கேட்டு, இரண்டு இடங்களில் திருத்தித் தந்த செய்திகள். பேச்சுகளின் சொற்கள் என் நினைவிலிருந்து வருபவை; பொருள் பிறழவில்லை என்பதற்கு நானே பொறுப்பு. இவற்றுள் எதனாலும் உறுதிப்படாத ஓரிடம் உண்டு. அது வரும்போது சொல்லிவிடுவேன்.

இத்தனை கட்டுப்பாடு எதற்கென்று கேட்பீர்கள். பதினொரு வயதில் நான் கேட்டறியாத ஒன்றைக் கேட்டறிந்ததாகச் சொன்னேன். ஒரே ஒரு சொல். அதை நம்பி அம்மா, காணாமற்போன தம் மகனை இறந்தவனாக ஏற்றுக்கொண்டார்.

என்னோடு வளர்ந்தவர்களே, இப்போது ஐம்பதை எட்டியோ கடந்தோ நிற்கும் நீங்கள் இதை விளங்கிக்கொள்வீர்கள். ஸ்காபரோவின் தொடர்மாடிகளில் நாம் பத்து வயதிலேயே பெற்றோருக்கு நாவாக இருந்தோம். மருத்துவரின் அறையில் தாயின் உடம்பைப் பற்றி, நமக்கே பொருள் தெரியாத சொற்களைச் சொன்னோம். குடிவரவு அலுவலகத்தில் தந்தை அடிவாங்கிய கதையை அவர் முன்னாலேயே ஆங்கிலத்தில் ஒப்பித்தோம். வெட்கத்தால் எத்தனை சொற்களை விழுங்கினோம், அவசரத்தால் எத்தனையைச் சேர்த்தோம் என்று எவரும் நம்மை விசாரித்ததில்லை.

அது நாங்கள் இந்நாட்டுக்கு வந்த இரண்டாவது பனிக்காலம். டோர்செட் பார்க்கில் ஒன்பதாம் மாடியில் அப்பா, அம்மா, நான் மூவரும் இருந்தோம். அண்ணன் எங்களுடன் இல்லை. நாங்கள் யாழ்ப்பாணத்தை விட்டுப் புறப்படுவதற்கு முன்பே, பத்தொன்பது வயதில், ஓர் இராணுவச் சோதனைச் சாவடியில் அவரை இறக்கி வைத்துக்கொண்டு பேருந்தை மட்டும் போகவிட்டார்கள். பேருந்திலிருந்த ஒருவர் வந்து சொன்ன செய்தி அது. அதன்பின் செய்தி இல்லை. நான்காண்டுகள் ஆகியிருந்தன.

எங்கள் வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டியின் மேல் இரண்டு படங்கள் இருந்தன, அண்ணனுடையதும் என்னுடையதும், ஒரே அளவான சட்டங்களில். அண்ணனின் படத்தை எடுத்துச் சுவரில் மாட்டி மாலையிட வேண்டும், செய்ய வேண்டிய கிரியைகளைச் செய்ய வேண்டும் என்பது அப்பாவின் விருப்பம். அவரைக் கல்மனத்தவரென்று எண்ணிவிடாதீர்கள். மகன் கனவில் வந்து பசிக்கிறதென்று சொல்வதாகச் சொல்லுவார்.

"அவன் அலையிறான். நாங்கள் ஒண்டும் செய்யாமல் இருந்தால் அலைஞ்சு கொண்டேதான் இருப்பான்."

"உயிரோடை இருக்கிறவனுக்கு எள்ளும் தண்ணியும் இறைக்கிறதோ? ஆமிக்காரன் கொண்டானோ இல்லையோ தெரியாது. நீங்கள் உங்கடை கையாலை கொல்லப் போறியளோ?"

அம்மா இப்படிச் சொன்னதும் அப்பா எழுந்துவிடுவார். ஒரு கிழமை கழித்து அதே பேச்சு மறுபடி தொடங்கும்.

அப்பனிக்காலத்தில்தான் அம்மா பாதர்ஸ்ட் தெருவுக்கு அருகில் ஒரு வீட்டுக்கு வேலைக்குப் போனார். அவர்கள் ஹசிதிய மரபைப் பின்பற்றும் யூதர்கள். கணவர், மனைவி, நான்கு பிள்ளைகள். மூத்த மகளுக்கு என் வயதுதான். செவ்வாயும் வெள்ளியும் வேலை. வெள்ளிக்கிழமை மாலையோடு அவர்களின் ஓய்வுநாள் தொடங்கிவிடும். தொடங்கியபின் நெருப்பு மூட்டக்கூடாது, சமைக்கக்கூடாது, விளக்கின் பொத்தானைக்கூடத் தொடக்கூடாது. ஆகவே ஒரு நாளின் சமையல் முழுவதும் அப்பிற்பகலுக்குள் முடிய வேண்டும். கட்டளைகள் வேகமாக வரும். அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. அதனால் வெள்ளிக்கிழமைகளில் நண்பகலோடு என்னைப் பள்ளியிலிருந்து எடுத்துவிடுவார். காரணக் கடிதத்தை நான் எழுதுவேன், அம்மா கையொப்பமிடுவார். பல் மருத்துவர் என்றே எப்போதும் எழுதினேன். எட்டாவது கடிதத்தில் ஆசிரியை என் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். "இவ்வளவு கவனிப்புக்குப் பிறகு உனக்கு முப்பத்திரண்டும் தங்கமாக இருக்கும் என்று நினைத்தேன்" என்றார். அதற்குமேல் கேட்கவில்லை.

ஒரு பேருந்து, பின் சுரங்க ரயில், பின் மற்றொரு பேருந்து. கதவைத் திறந்தவுடன் பொரித்த வெங்காயம், கோழிக்கொழுப்பு, உருகிய மெழுகு, ஈரக் கம்பளி எல்லாம் கலந்த ஒரு மணம் முகத்தில் மோதும். சமையலறையில் இரண்டு கழுவுதொட்டிகள், ஒன்று இறைச்சிக்கு, மற்றது பாலுக்கு. சிவப்புப் பஞ்சு, நீலப் பஞ்சு. அம்மா இவற்றை ஒரே நாளில் கற்றுக்கொண்டார். அவரால் ஏற்க முடியாதது அடுப்பு. சமைக்கலாம், கிளறலாம், இறக்கலாம். ஆனால் அடுப்பை மூட்டுவது மட்டும் வீட்டுத் தலைவியின் கையாலேயே நிகழ வேண்டும்.

அதை அறிந்த அன்று வீடு திரும்பியதும் அம்மா அப்பாவிடம் சொன்னார்: "எங்களை அடுப்பு மூட்ட விடாயினமாம். தீட்டாம்."

தீட்டென்று அவ்வீட்டில் எவரும் சொல்லவில்லை. அம்மாவே இட்ட பெயர் அது. அப்பா சோற்றைப் பிசைந்தபடி, "எங்கடை கிணத்திலை ஆரை அள்ள விட்டனீர்? இப்ப விளங்குதோ?" என்றார். அம்மா எழுந்துபோனார். சமையலில் தங்கள் கையும் கலந்திருக்க வேண்டும் என்பதே அவர்களின் நெறி, தீட்டென்பது அங்கில்லை. இதை நான் பிற்காலத்தில்தான் அறிந்தேன். அக்காலத்தில் அம்மாவுக்குத் தெரிந்த அளவுகோல் ஒன்றே ஒன்று. அதைக் கொண்டே அளந்தார்.

வீட்டுத் தலைவி அம்மாவைவிட ஐந்தாறு வயது இளையவர். தலையைத் துணியால் இறுகக் கட்டியிருப்பார். அம்மாவின் பெயரில் பாதிதான் அவர் நாவில் ஏறியது. அந்தப் பாதியைச் சொல்லி அன்பாக அழைப்பார். அவர் பேசியது ஆங்கிலம். இங்கே தமிழில் தருகிறேன்.

அவர் கட்டிலருகே ஒரு வட்டிலும் இரண்டு கைப்பிடிகள் வைத்த ஒரு குவளையும் இருக்கும். யாரோ நோயாளி இருக்கிறார் என்று நினைத்த அம்மா, "ஆருக்குச் சுகமில்லை எண்டு கேள்" என்றார். கேட்டேன். அவர் சிரித்தார்.

"எல்லோருக்கும்தான். இரவில் உயிரை ஆண்டவனிடம் ஒப்படைத்துவிட்டுத் தூங்குகிறோம். காலையில் திருப்பித் தருகிறார். கால் தரையில் படுவதற்கு முன்னால் அதற்கு நன்றி சொல்ல வேண்டும், ஒரே ஒரு வரி. பிறகு கை கழுவ வேண்டும். அதற்குத்தான் தண்ணீர்."

நான் அதைத் தமிழில் சொன்னதும் அம்மா வட்டிலைத் துடைத்துக்கொண்டே, "எழும்பின உடனை நன்றியோ. எனக்கு எழும்பின உடனை வாறது அவன்ரை முகம்" என்றார். என்ன சொன்னார் என்று வீட்டுத் தலைவி கேட்டார். நான் தயங்கினேன். அம்மா, "சொல்லு" என்றார். அண்ணனைப் பற்றி அவ்வீட்டில் முதன்முதலாகச் சொன்னது அப்படித்தான்.

அதன்பின் அவர் அம்மாவைக் கூலிக்கு வந்தவராக நடத்தவில்லை. வெள்ளிக்கிழமைகளில் அவர் ஓய்வுநாளுக்கான பாண் ரொட்டிக்கு மா பிசைவார். சடைபோலப் பின்னுவதற்கு முன், மாவிலிருந்து ஒரு சிறு உருண்டையைக் கிள்ளி எடுத்து வேறாக வைப்பார். அதை எவரும் உண்ணமாட்டார்கள். அலுமினியத் தாளில் சுற்றிக் கரியும்வரை எரித்துவிடுவார்கள். அதைக் கையில் வைத்திருக்கும் கணத்தில் ஒரு பெண் கேட்பது தள்ளப்படாது என்பது அவர்களின் நம்பிக்கை. ஒரு வெள்ளி, மாவுருண்டை கையிலிருக்க, அண்ணனின் பெயரைக் கேட்டார். சொன்னேன். அடுத்து, "உன் அம்மாவின் முழுப்பெயர்?" என்றார்.

அம்மா என்னைத் திருத்தினார். "தேப்பன்ரை பேரெல்லோ கேப்பினம். சரியாக் கேள்."

இல்லை, தாயின் பெயரே வேண்டும் என்றார் அவர். ஒருவருக்காக மன்றாடும்போது இன்ன தாயின் மகன் என்றே சொல்ல வேண்டுமாம். தாய் யாரென்பதில் எவருக்கும் ஐயம் வராதல்லவா என்று கண்ணைச் சிமிட்டினார். மொழிபெயர்த்தபோது என் காதுகள் சூடேறின. அம்மா முன்கையால் வாயைப் பொத்திச் சிரித்தார். நான்காண்டுகளில் அவர் சிரித்து நான் கண்டது அதுவே முதன்முறை. அன்றிரவு அப்பாவுக்கும் சொன்னார். அப்பா, "அப்ப நான் ஆர், சாட்சிக்காரனோ?" என்றார்.

வீட்டுத் தலைவி தொழுகை செய்வதை நான் கூர்ந்து பார்ப்பேன். ஆண்கள் குறித்த வேளைகளில் கூடித் தொழ வேண்டும். பெண்களுக்கு அக்கட்டாயம் இல்லை, பிள்ளைகளுக்கு வேளை பார்த்துப் பசிப்பதில்லையே என்பார். குளிர்சாதனப் பெட்டிக்கும் சுவருக்கும் இடையிலிருந்த ஒரு முழ இடத்தில் கால்களைச் சேர்த்து நின்றுகொள்வார். உதடுகள் அசையும், ஒலி எழாது. ஒருமுறை சூப்பு பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. அவர் திரும்பவில்லை. அம்மா ஓடிவந்து நெருப்பைத் தணித்தார். தொழுகையை முடித்து, மூன்று அடி பின்வாங்கி, குனிந்து நிமிர்ந்த பிறகே, "பார்த்தேன், நன்றி" என்றார். அம்மா என்னிடம், "பாத்தவவாம். பாத்தும் அசையேல்லை. உதுதான் கும்பிடுறது" என்றார்.

இந்நாட்டுக்கு வந்தபின் அம்மா கடவுளை வணங்கியதில்லை. படங்கள் வைத்த தட்டு இருந்தது, விளக்கேற்றமாட்டார். வழிபாடு பற்றி வீட்டுத் தலைவியிடம் அம்மா கேட்கச் சொன்ன முதற்கேள்வி இது: "கும்பிடேக்கை அழலாமோ எண்டு கேள்."

வீட்டுத் தலைவி கைகளைத் துடைத்துவிட்டு அமர்ந்து விடை சொன்னார். அழலாம், ஆனால் நாள் முழுவதும் சோர்ந்திருக்கக்கூடாது. உடைந்த மனத்தோடு ஒரு மணிநேரம் ஆண்டவன் முன் இருப்பது வேறு, சோர்வு வேறு. உடைந்த மனம் பேசும், சோர்வு பேசாது. நாள்தோறும் ஒரு நேரத்தை ஒதுக்கு, கதவைச் சாத்திக்கொள், உன் தாய்மொழியில், தோழியிடம் பேசுவதுபோலப் பேசு. சொல் வராவிட்டால் சொல் வரவில்லை என்பதையே சொல். அவருடைய ஆசான்கள் பெண்களுக்குக் கற்பித்தது இதுவாம். அவரும் துணிகளை மடிக்கும்போது இதைத்தான் செய்கிறாராம்.

எங்கள் வீட்டில் சாத்திக்கொள்ளக் கூடிய கதவு குளியலறைக் கதவு ஒன்றே. அம்மா நாள்தோறும் மாலையில் உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிடுவார். நீரோசைக்குள் அவர் பேச்சொலி கேட்கும். கெஞ்சுவார், சண்டையிடுவார், சில வேளை கதையும் சொல்லுவார். இரவு வேலைக்குப் புறப்பட வேண்டிய அப்பா சவரக்கத்தியோடு வெளியே நிற்பார். "அவ குளிக்கிறாவோ, ஆரோடையும் கதைக்கிறாவோ?" என்று என்னைக் கேட்பார். "கதைக்கிறா" என்பேன். "முடிஞ்சால் எனக்கும் ரெண்டு நிமிசம் தரச்சொல்லு" என்பார். ஆயினும் கதவை ஒருபோதும் தட்டியதில்லை.

இனிச் சுடர்களுக்கு வருகிறேன்.

வெள்ளிக்கிழமை கதிரவன் மறைவதற்குச் சற்று முன் வீட்டுத் தலைவி வெள்ளித் தட்டத்தில் மெழுகுவர்த்திகளை வரிசையாக நிறுத்தி ஏற்றுவார். கைகளைச் சுடரைச் சுற்றி மூன்று முறை வளைத்துக் கண்களை மூடிக்கொள்வார். அதற்குரிய துதியைச் சொன்ன பின்னும் கைகளை எடுக்கமாட்டார். அதுவே தாய் தன் பிள்ளைகளுக்காகக் கேட்கும் நேரம். வேலை முடிந்திருந்தாலும் அம்மா அதைப் பார்க்காமல் புறப்படமாட்டார். சமையலறை வாசலில் மேலங்கியை அணிந்தபடியே நிற்பார்.

முதல் வெள்ளியே அவர் எங்களுக்கு விளக்கியிருந்தார். இரண்டு சுடர்கள் எல்லா வீட்டுக்கும் உரியவை. அதன்மேல் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒன்று. பிள்ளை பிறக்கும்போதெல்லாம் வரிசையில் ஒன்று கூடும்.

அம்மா எண்ணிப் பார்த்தார். நானும் எண்ணினேன். பிள்ளைகள் நால்வர், ஆறு சுடர்கள் இருக்க வேண்டும். தட்டத்தில் ஏழு இருந்தன.

பல கிழமைகள் கழிந்தன. பேருந்தில் ஒருநாள் அம்மா, "ஒண்டு கூடுது, கவனிச்சனியோ?" என்றார். மறுகிழமை, "செத்த பிள்ளை ஒண்டு இருந்திருக்கும்" என்றார். அதற்கடுத்த கிழமை, அப்பாவோடு முந்தின இரவு நீண்ட சண்டை நிகழ்ந்திருந்தது. அன்று வாசலில் நின்றபடியே என் தோளைத் தொட்டார்.

"பிள்ளை, போய் அந்த ஏழாவது ஆருக்கெண்டு கேட்டுக்கொண்டு வா."

நான் போனேன். வீட்டுத் தலைவி அப்போதுதான் முகத்திலிருந்து கைகளை எடுத்தார். கண்கள் நனைந்திருந்தன. என்னைப் பார்த்து, "ஓய்வுநாள் அமைதியாகட்டும்" என்று முகமன் சொன்னார். மூத்த மகள் புத்தாடையோடு அருகில் நின்று என் ஈரச் சப்பாத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். செத்த பிள்ளையைப் பற்றி எப்படிக் கேட்பது? ஆங்கிலச் சொற்கள் எனக்குத் தெரியாமலில்லை. கேட்க வாய் வரவில்லை. நானும் அதே முகமனைத் திருப்பிச் சொல்லிவிட்டு வாசலுக்கு வந்தேன்.

"கேட்டனியோ?"

"ஓம்."

"செத்த பிள்ளைக்குத்தானாமோ?"

"ஓமாம்."

நான் சொன்னது இவ்வளவே. வேண்டுமென்றே தீங்கு நினைத்துச் சொல்லவில்லை. பேருந்தைத் தவறவிட்டால் அரைமணி நேரம் குளிரில் நிற்க வேண்டியிருக்கும் என்பதே அப்போது என் மனத்தில் இருந்தது.

சுரங்க ரயிலில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். ஸ்காபரோவுக்கான பேருந்தில் ஏறியமர்ந்த பிறகே சொன்னார்:

"ஒரே தட்டத்திலை வைச்சிருக்கிறா, பாத்தியோ. மற்றப் பிள்ளையளோடை சேத்து. வேறையாக்கி மூலையிலை வைக்கேல்லை. சுடரும் ஒரே அளவு."

அப்போதுதான் அவர் அச்சம் எதுவென்று எனக்கு ஓரளவு விளங்கியது. மகன் இறந்தான் என்று ஒப்புக்கொண்டால் அவன் வரிசையிலிருந்து நீக்கப்படுவான், படம் தனிச்சுவருக்குப் போய்விடும், இருக்கும் பிள்ளை ஒன்று என்றாகிவிடும் என்றே அவர் நான்காண்டுகள் அஞ்சியிருக்கிறார். இறந்த பிள்ளையையும் வரிசையில் வைத்துக்கொண்ட ஒரு தாயைக் கண்டதாக அவர் நம்பினார். அப்படி ஒரு தாய் அவ்வீட்டில் இல்லை.

வீட்டில் அப்பா வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். அம்மா மேலங்கியைக் கழற்றாமலே சொன்னார்: "ஐயரிட்டைக் கேளுங்கோ. செய்வம். படத்தை மட்டும் இருந்த இடத்திலை விடுங்கோ."

அப்பா வாசலில், சப்பாத்துகள் வைக்கும் விரிப்பின்மேல் அப்படியே அமர்ந்துவிட்டார். அன்று வேலைக்குப் போகவில்லை.

பங்குனியில் ஒரு ஞாயிறு முற்பகல் ஸ்காபரோ மலைமுகடுகளின் கீழே, ஏரிக்கரையில் கிரியைகள் நடந்தன. நாள் நாட்காட்டியில் இருக்கிறது. அம்மா அந்தக் கட்டத்தில் எதையும் எழுதாமல் சிறு வட்டம் மட்டும் இட்டிருக்கிறார். உடல் கிடைக்காதவர்க்குத் தருப்பைப் புல்லால் உருச்செய்து தீயிடலாம் என்று ஐயர் சொல்லியிருந்தார். வேட்டிக்குமேல் நீலப் பனியங்கியும் பனிச்சப்பாத்தும் அணிந்து வந்தார். ஒரு சாண் நீளப் புல்லுருவை அடுமனை அலுமினியத் தட்டில் வைத்தார்கள். காற்றில் தீக்குச்சிகள் அணைந்துகொண்டே இருந்தன. நாயோடு உலாவந்த ஒருவர் நின்று பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றிக்கொண்டு போனார்.

"பேரைச் சொல்லுங்கோ, தேப்பன்ரை பேரும் சொல்லுங்கோ. கெதியாய், காத்து அடிக்குது" என்றார் ஐயர். அப்பா சொன்னார். அம்மாவும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஐயர் அதற்குள் மந்திரத்தைத் தொடங்கிவிட்டார். கரையோரம் உறைந்திருந்ததால், எள்ளும் நீரும் பனிக்கட்டியின் மேலேயே கிடந்தன.

அன்று தொட்டு அம்மா குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவதை நிறுத்திவிட்டார். ஆண்டவனிடம் கேட்பதற்கு அவருக்கு ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. அப்பா நேரத்துக்குச் சவரம் செய்துகொண்டார்.

சான்று இல்லாத இடம் இதுவே. ஆனி மாதம், ஞாயிறு பகல். அம்மா நிலக்கீழ் அறையில் துணி துவைத்துக்கொண்டிருந்தார். தொலைபேசி ஒலித்தது; நான் எடுத்தேன். நெடுந்தூர இரைச்சல். பின் ஓர் ஆணின் குரல்.

"அம்மா நிக்கிறாவோ?"

"ஆர் கதைக்கிறது?"

"அம்மாட்டைக் குடுங்கோ."

அப்பா என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். அக்காலத்தில் காணாமற்போனவர்களின் வீடுகளுக்கு இத்தகைய அழைப்புகள் வருவது உங்களுக்கும் நினைவிருக்கும். உங்கள் பிள்ளை இன்ன முகாமில் இருக்கிறார், பணம் தந்தால் எடுத்துத் தருகிறோம் என்பார்கள். எங்களுக்கு முன்பே இருமுறை வந்திருந்தன. இருமுறையும் அம்மாவே பேசினார். அண்ணன் சிறுவயதில் எந்த மரத்திலிருந்து விழுந்தார், தழும்பு எந்த முழங்கையில் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பொய்யென்று உறுதி செய்தபின்பே தொலைபேசியை வைத்தார். இம்முறை அப்பா எதையும் கேட்கவில்லை.

"எங்களுக்கு உந்தக் கதையள் வேண்டாம். அவனுக்குச் செய்ய வேண்டியதெல்லாம் செய்து முடிச்சிட்டம்."

வைத்துவிட்டார். பின்பு என்னிடம், "கொம்மாட்டைச் சொல்லாதை. இப்பதான் மனம் ஆறியிருக்கிறா" என்றார். அம்மா சூடான துணிக்கூடையோடு உள்ளே வந்தார். நான் சொல்லவில்லை. அக்குரல் மீண்டும் அழைக்கவில்லை.

அக்கோடையில் அம்மாவுக்கு ஸ்காபரோவிலேயே ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. பாதர்ஸ்ட் வீட்டில் கடைசி நாளன்று, வீட்டுத் தலைவி அம்மாவின் இரு கைகளையும் பற்றிக்கொண்டு, "மகனைப் பற்றிச் செய்தி ஏதும் உண்டா?" என்றார். அம்மா என் பக்கம் திரும்பினார். "சொல்லு, காரியம் எல்லாம் செய்து முடிச்சிட்டம் எண்டு. அவவின்ரை அந்தப் பிள்ளையைப் போலை எண்டு சொல்லு." இதைச் சொன்னால், எந்தப் பிள்ளை என்று அவர் கேட்பார். ஆகவே நான், "செய்தி ஒன்றும் இல்லை என்கிறார்" என்றேன். அவர் தலையசைத்து, அம்மாவின் நெற்றியில் முத்தமிட்டார். தம் துயரைப் புரிந்துகொண்டாரென்று அம்மா எண்ணினார்.

அப்பா இறந்து பதினாறு ஆண்டுகள் ஆகின்றன. அம்மா நான்காண்டுகளுக்கு முன் இறந்தார். அவரிடம் நான் உண்மையைச் சொல்லவில்லை. சொல்வதற்கு நேரம் இல்லாமற்போகவில்லை. அந்திமக்கிரியை முடிந்த பின் அப்பழைய முகவரிக்கு ஒரு கடிதம் எழுதினேன். அவ்வீட்டில் இப்போது குடியிருக்கும் மூத்த மகள் மறுமொழி எழுதினார், வரச்சொன்னார்.

அதே சமையலறை, கழுவுதொட்டிகள் மாறியிருந்தன. ஏழாவது சுடரைப் பற்றிக் கேட்டேன். நாற்பதாண்டு தாமதமாகக் கேட்ட அக்கேள்விக்கு அவர் ஒரு நொடியும் யோசிக்கவில்லை.

"அதுவா? எங்கள் வீட்டில் எந்தப் பிள்ளையும் இறக்கவில்லை. நான் பிறந்து சில கிழமைகளில் ஒரு வெள்ளிக்கிழமை அம்மா பால் கொடுத்தபடியே தூங்கிவிட்டார். விழித்தபோது இருட்டிவிட்டது, சுடர் ஏற்றவில்லை. ஒருமுறை மறந்தால் அதன்பின் வாழ்நாள் முழுவதும் ஒன்று கூட்டி ஏற்ற வேண்டும். என்னை எப்போதும் கேலி செய்வார், உன்னால் எனக்கு ஒரு மெழுகுவர்த்திச் செலவு அதிகம் என்று."

நான் அழவில்லை. நடந்தவை எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். அவற்றை இவ்வளவு முழுமையாகக் கேட்ட முதல் ஆள் அவரே. கேட்டுவிட்டு எழுந்து, அடுப்புக்கு மேலிருந்த அலுமாரியின் கதவைத் திறந்தார். கதவின் உட்புறத்தில், எண்ணெய்ப்புகை படிந்து மஞ்சளான ஒரு தாள் ஒட்டியிருந்தது. அவர்கள் எழுத்தில் பெயர்கள். சில கோடிட்டு அடிக்கப்பட்டிருந்தன. நடுவில் ஒரு வரியை விரலால் தொட்டு வாசித்தார். அண்ணனின் பெயர். அடுத்து, இன்னாரின் மகன் என்று அம்மாவின் பெயர், முழுதாக.

"மா பிசையும்போது அம்மா இதைப் பார்த்துச் சொல்லுவார். அவர் போனபின் நான் சொல்லுகிறேன். அடிக்கச் சொல்லி எவரும் வரவில்லையே." தாளிலிருந்து விரலை எடுக்காமல், "நிறுத்திவிடவா?" என்றார்.

எனக்கு விடை தெரியாதென்று சொன்னேன். அன்று அவ்வீட்டில் நான் சொன்ன மற்றவற்றைப் போல அதுவும் உண்மை.

"அப்படியானால் இருக்கட்டும்" என்று கதவைச் சாத்தினார்.

இனி எஞ்சியவை. சோதனைச் சாவடியில் இறக்கப்பட்ட பிறகு அண்ணனுக்கு நேர்ந்தது என்ன என்பது தெரியாது. நான் கேட்டுவந்து உள்ளதைச் சொல்லியிருந்தால் அம்மா மறுத்தே நின்றிருப்பாரா, வேறொரு நாள் இணங்கியிருப்பாரா என்பது தெரியாது. ஆனி மாதத்து ஞாயிறன்று அம்மாவைக் கேட்டவர் யார் என்பதும், எந்த முழங்கையில் தழும்பு என்று கேட்டிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார் என்பதும் தெரியாது.